பெண்ணின் கை

எழுத்துப் பழகுவதற்காக முப்பத்தைந்து வயதில் மீண்டும் பாயில் குந்துவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. 2013 ஆம் ஆண்டு, எங்கள் பனையோலைக் கைப்பணி நிலையத்திலிருந்து, கடதாசிக் கைவேலை பழகி வருவதற்காக என்னை ஆறு மாதம் யப்பானுக்கு அனுப்பினார்கள். மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். இடம் கியோத்தோ நகரம். பகலில் கடதாசிப் பட்டறையில் வேலை. பின்னேரம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அறையில் தனியே இருந்தால் யோசனைதான். அதைக் கண்ட பட்டறைப் பெண்மணி ஒருவர், செவ்வாய்க்கிழமைகளில் பொதுமண்டபத்தில் வயதான ஆசிரியை ஒருவர் எழுத்துப் பழக்குகிறார் என்று சொல்லி என்னைக் கூட்டிச் சென்றார்.

நாலு யப்பானியச் சொல்லைப் படிக்கலாம் என்ற எண்ணத்தில்தான் நான் போனேன். அங்கே பழக்கியது வேறு. ஆயிரம் வருடங்களுக்கு முந்திய கவிதைகளை, ஆயிரம் வருடங்களுக்கு முந்திய எழுத்தில், தூரிகையால் எழுதப் பழக்கினார்கள். கனா எழுத்து என்று அதற்குப் பெயர். கனா என்றால் எங்களுக்குக் கனவு. அவர்களுக்கு அது 'இரவல் பெயர்' என்ற பொருளில் வருகிறது.

ஏன் இரவல் என்றால், யப்பானியருக்கு ஆதியில் சொந்த எழுத்து இருக்கவில்லை. சீனத்திலிருந்து வந்த எழுத்தை வைத்துக்கொண்டே அரச காரியங்களும் சமயக் காரியங்களும் நடந்தன. சீன எழுத்து பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு சொல். அந்தப் பொருளைக் கழற்றி வைத்துவிட்டு ஓசையை மட்டும் எடுத்து, விரைந்து விரைந்து எழுதி, கோடுகளைக் குறைத்து, 9 ஆம் நூற்றாண்டளவில் ஓர் எளிய எழுத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். சீன எழுத்தில் புலமை பெறுவது ஆண்பிள்ளைகளுக்கு உரியதென்று அந்த நாளில் வைத்திருந்தார்கள். பெண்கள் கடிதமும் கவிதையும் கதையும் எழுதியது இந்த எளிய எழுத்தில். ஆகவே சீன எழுத்தை 'ஆணின் கை' என்றும் இதை 'பெண்ணின் கை' என்றும் சொன்னார்கள். யப்பானிய மொழியில் 'ஒன்னதெ'. நாங்கள் கையெழுத்து என்கிறோமே, அதுபோல அவர்களும் எழுத்தைக் கை என்றே சொல்கிறார்கள்.

ஆசிரியை இதைச் சொல்லித் தந்தபோது அவருடைய முகத்தில் ஒரு குறும்பு தெரிந்தது. எளிய எழுத்து என்று பெண்களிடம் விட்டார்கள், அதிலேதான் நாட்டின் பெரிய இலக்கியமெல்லாம் பிறந்தது என்றார். 'கெஞ்சியின் கதை'யை 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய முரசாக்கி ஷிக்கிபு ஒரு பெண். அவருடைய தகப்பன் மகனுக்குச் சீனம் படிப்பிக்கும்போது பக்கத்தில் இருந்து கேட்டே மகள் அதைப் படித்துவிட்டாராம். இவள் ஆணாகப் பிறக்கவில்லையே என்று தகப்பன் கவலைப்பட்டதை அவரே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இதைவிட வேடிக்கை, கி நோ த்சுரயுக்கி என்ற ஆண் புலவர் 935 அளவில் ஒரு பயணக் குறிப்பை எழுதியபோது, ஒரு பெண் எழுதுவதாகப் பாவனை செய்து இந்த எழுத்திலேயே எழுதினார். பெண்ணின் கை அவருக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

கவிதையின் அளவு மிகச் சிறியது. வாக்கா என்று பெயர். ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு, ஏழு என்று மொத்தம் 31 அசை. ஒருவர் மற்றவருக்கு அனுப்பும் கடிதமும் அதுதான். பிரிவு, காத்திருப்பு, மழை, பனி, உதிரும் பூ. வராத ஆளை நினைத்து எழுதியவை நிறையவே உண்டு. அந்தக் காலத்தில் கணவன் மனைவியின் வீட்டுக்கு இரவில் வந்து போகும் வழக்கம் மேல்குடிகளில் இருந்தது. வருவான் என்று நிச்சயமில்லை. காத்திருந்தவள் எழுதினாள்.

முதல் ஆறு கிழமை எனக்கு வெள்ளைத் தாள் மட்டுந்தான். தூரிகையைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். கை மேசையில் சாயக் கூடாது. மையைப் போத்தலில் இருந்து ஊற்ற அவர் விடமாட்டார். கல்லில் நாலு துளி தண்ணீர் விட்டு, மைக்கட்டியை மெல்ல மெல்ல உரைக்க வேண்டும்; சந்தனம் உரைப்பது போலத்தான். அந்தக் கட்டி என்னவென்று கேட்டேன். விளக்குப் புகைக்கரி என்றார். எண்ணெய் விளக்கின் மேல் மண்மூடி கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டி, மிருகப் பசையில் குழைத்து அச்சில் வைத்துக் காயவிடுவது. நாரா என்ற பழைய நகரத்தில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் படித்தவள் நான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெயில் ஒரு துளிச் சுடரை எரியவிட்டுச் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்தோம். விடிந்தால் மூக்கெல்லாம் கரி. அந்தக் கரியை வழித்தெடுத்துக் கவிதை எழுதலாம் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கடதாசியும் அப்போது கிடைக்காது. பத்திரிகையே கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்த நாட்கள் உண்டு. நாங்கள் முதலில் பென்சிலால் எழுதி, அது முடிந்ததும் அதே பக்கத்தில் பேனையால் எழுதுவோம். இதை உடன் வந்த மாணவி ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துச் சொன்னபோது ஆசிரியை சிரிக்கவில்லை. தான் ஒசாக்காவில் பிறந்தவர் என்றும், 1945 மார்ச் மாதக் குண்டுவீச்சில் வீடு எரிந்தபோது தனக்குப் பத்து வயது என்றும் சொன்னார். நான் மை உரைத்த கல் சாம்பலுக்குள் இருந்து எடுத்த அவருடைய தாயின் கல். ஓரம் வெடித்திருந்தது. அதன்பிறகு நான் கவனமாக உரைத்தேன்.

பார்த்து எழுதத் தந்தது 'கோயாத் துண்டுகள்' என்று சொல்லப்படும் ஏட்டின் படம். 905 அளவில் அரச ஆணைப்படி தொகுத்த 'கொக்கின் வக்காஷு' என்ற தொகுப்பு, 20 பாகம், ஏறத்தாழ 1,100 கவிதை. அதற்கு இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய பிரதிகளில் ஒன்று இது. 11 ஆம் நூற்றாண்டின் நடுவில் மூன்று பேர் பங்கிட்டு எழுதியது. மூன்றாவது ஆளின் கை நிதானமானது என்பதால் புதியவர்களுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். எழுத்துகள் மேலிருந்து கீழே, ஒன்றின் வாலில் மற்றதின் தலை தொடுத்து ஓடுகின்றன, பூ மாலை மாதிரி. தூரிகையில் மை நிறைந்திருக்கும்போது கறுப்பாகத் தொடங்கி, மை குறையக் குறைய எழுத்து மெலிந்து நரைத்து, மூச்சு முடியும் இடத்தில் மீண்டும் மையைத் தொட்டுக் கறுக்கும். எங்கே மையைத் தொடுவது என்பதும் கவிதையின் பகுதி. 'கல்' என்பதில் வரும் 'க'வுக்கும் 'தங்கம்' என்பதில் வரும் 'க'வுக்கும் இடையிலானது போன்ற ஓசை வேறுபாட்டைக் காட்டும் குறிகள் அந்தப் பழைய எழுத்தில் இல்லை. வாசிப்பவர் தானே ஊகிக்க வேண்டும். எங்கள் ஓலைச்சுவடிகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடமாட்டார்களே, அதே சங்கதி.

இனிக் கடதாசிக்கு வருகிறேன். நான் அங்கு போனதே அதற்காகத்தானே.

கவிதை எழுதும் தாளை அவர்கள் வெறுந்தாளாக விடுவதில்லை. பட்டறையில் இதற்கென்று ஒரு மூலை இருந்தது. தண்ணீர்த் தட்டில் ஒரு துளி மையை விட்டு, அது வட்டமாகப் பரந்ததும் நடுவில் வேறு துளி விட்டு வட்டத்துக்குள் வட்டமாக ஆக்கி, மெல்ல ஊதினால் மை புகைபோல நெளியும். தாளை மேலே படுக்கவைத்து எடுத்தால் நெளிவு தாளில் வந்துவிடும். இன்னொரு வகையில், மரப்பலகையில் செதுக்கிய பூக்கொடியை மைக்காத்தூளில் ஒற்றுவார்கள். நேரே பார்த்தால் தெரியாது. தாளைச் சரித்தால் மினுங்கும். பொன் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் சிறு சதுரங்களாகவும் மயிர் போன்ற கீலங்களாகவும் மணல் போன்ற தூளாகவும் வெட்டித் தூவுவார்கள். மை ஊறாமல் இருக்கப் பசையும் படிகாரமும் கலந்த நீரை முன்னதாகப் பூசி வைப்பார்கள். தாளே முசுக்கட்டை இனத்து மரப்பட்டையில் இருந்து வருவது. நாரைத் தண்ணீரில் மிதக்கவிட வெண்டி இனத்துச் செடி ஒன்றின் வேரில் உள்ள வழுவழுப்பைக் கலக்கிறார்கள். வெண்டிக்காய் வெட்டிய எந்தப் பெண்ணுக்கும் அது விளங்கும்.

எனக்குப் பிடித்தது ஒட்டுத் தாள். வேறு வேறு நிறத் தாள்களை இணைத்து ஒரு தாளாக்குவது. கத்தியால் வெட்டி ஒட்டுவது ஒன்று. ஒரே நிறத்தின் ஐந்து சாயல்களை, மெல்லியது முதல் கடுமையானது வரை, மயிரளவு தள்ளித் தள்ளி அடுக்கி ஒட்டுவது ஒன்று. மூன்றாவது, கையால் கிழித்து ஒட்டுவது. கிழித்த ஓரத்தில் நார் பஞ்சுபோல வெளியே நிற்கும். அதை மறைக்கமாட்டார்கள். கிழிசல் மலைச்சரிவு போலவோ ஆற்றங்கரை போலவோ தெரிய, அதன் மேலாகவே கவிதை ஓடும்.

அந்தக் கலையின் உச்சம் என்று சொல்வது 36 புலவர்களின் கவிதைகளை எழுதிய ஏட்டுத் தொகுதி. ஓய்வுபெற்ற பேரரசர் ஷிரக்காவாவின் 60 வயது நிறைவுக்காக 1112 அளவில் ஆக்கியது என்று கருதுகிறார்கள். ஏறத்தாழ 20 பேருடைய கைகள் அதில் உண்டு. 1549 இல் அது ஹொங்கஞ்சி விகாரைக்கு அன்பளிப்பாகப் போனது. பிறகு வெளியுலகம் மறந்துபோய், 1896 இல்தான் மீண்டும் தெரியவந்தது. அந்த 36 புலவர்களில் ஐந்து பேர் பெண்கள். ஒருவர் இசெ. பேரரசியிடம் பணிப்பெண்ணாக இருந்தவர். பேரரசர் உதாவுக்கு ஒரு பிள்ளையைப் பெற்று, அந்தப் பிள்ளையைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். அவருடைய மகள் நக்கத்சுக்காசாவும் ஐவரில் ஒருவர்.

இசெயின் ஏட்டில் ஒரு பக்கத்தை ஆசிரியை எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கொப்பி அளவுதான். ஒட்டுத் தாள், அதில் வெள்ளியால் வரைந்த புல்லும் பறவையும். வெள்ளி கறுத்துப்போயிருந்தது, 900 வருடம். எழுத்து மட்டும் நேற்று எழுதியது போல இருந்தது. ஏன் ஒரு பக்கம் மட்டும் இங்கே இருக்கிறது என்று கேட்டேன். 1929 இல் விகாரையினர் இசெயின் ஏட்டையும் த்சுரயுக்கியின் ஏட்டில் ஒரு பாகத்தையும் பிரித்து, பக்கம் பக்கமாக விற்றுவிட்டார்கள் என்றார். காரணம் கேட்டபோது, ஒரு பெண்கள் கல்விக்கூடத்துக்குப் பணம் தேவைப்பட்டதாம்.

இதைப் பற்றி நான் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. 800 வருடம் ஒன்றாக இருந்த ஏட்டைப் பிரிக்க எப்படி மனம் வந்தது என்று முதலில் கோபந்தான் வந்தது. ஒரு பெண்ணின் புத்தகந்தானே அகப்பட்டது என்றும் நினைத்தேன். இரவு அறைக்கு வந்தபிறகு, அம்மா என்னைப் படிப்பிக்க விற்ற இரண்டு காப்பு நினைவுக்கு வந்தது. தாலிக்கொடியை விற்றுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பியவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்? விற்றது பிழை என்று அவர்களிடம் போய்ச் சொல்லலாமா? ஆனால் காப்பு இல்லாத கையை அம்மா சீலைத் தலைப்பால் மூடுவதையும் நான் கண்டிருக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது என் சொந்தக் கதை.

என்னிடம் 17 கடிதங்கள் இருக்கின்றன. பாதை பூட்டியிருந்த காலத்தில், கலியாணத்துக்கு முன், அவர் வன்னியில் இருந்தும் நான் யாழ்ப்பாணத்தில் இருந்தும் எழுதிக்கொண்டவை. என்னுடையவை போய்விட்டன; அவருடையவை என்னிடம் தங்கின. 2002 இல் பாதை திறந்தது. 2003 இல் கலியாணம் முடித்துக் கிளிநொச்சிப் பக்கம் போனேன். 2008 இல் வெளிக்கிட்டபோது பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைகளோடு அந்தக் கடிதங்களும் பொலித்தீன் பையில் வந்தன. உங்களில் பலருக்கு அந்தப் பை எதுவென்று தெரியும். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பை முகாமுக்கு வந்தது. பங்கருக்குள் தண்ணீர் பட்டு மடிப்புகள் உக்கத் தொடங்கியிருந்தன. யப்பானுக்குப் போனபோதும் வீட்டில் விட மனமின்றிக் கொண்டுபோனேன்.

ஒருநாள் ஆசிரியை, சாம்பல் நிறத் தாள் ஒன்றைக் காட்டி ஒரு சம்பவம் சொன்னார். 9 ஆம் நூற்றாண்டில் பேரரசர் செய்வாவின் தேவியரில் ஒருவர் ஃபுஜிவாரா நோ தமிக்கோ. பேரரசர் தமக்கு எழுதிய கடிதங்களை அவர் சேர்த்து வைத்திருந்தார். பேரரசர் இறந்தபின் அந்தக் கடிதங்களையெல்லாம் கரைத்துப் புதுத் தாளாக ஆக்குவித்து, அதில் தாமரைச் சூத்திரத்தை எழுதினாராம். அரச வரலாற்றிலேயே இது பதிவாகியிருக்கிறது. எழுதிய தாளை அப்படிக் கரைத்தால் மை முழுவதும் போகாது. புதுத் தாள் மெல்லிய சாம்பல் நிறமாக வரும். பிற்காலத்தில் அந்த நிறத் தாளுக்கென்றே ஒரு பெயரும் வந்தது.

எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. கடிதங்கள் எப்படியும் உக்கப்போகின்றன. பட்டறையில் தொட்டி இருக்கிறது, அரிதட்டு இருக்கிறது, எனக்குக் கை பழகிவிட்டது. 17 கடிதத்தில் இரண்டு தாளாவது வரும். மறுநாள் பையைப் பட்டறைக்கே கொண்டுபோனேன். தொட்டியடியில் நின்று முதல் கடிதத்தை விரித்தேன். அப்போதுதான் விளங்கியது, தமிக்கோவுக்குத் தெரிந்திருந்தது, அவர் இறந்துவிட்டார் என்று. அவருக்கு ஈமக்கிரியை நடந்தது. எனக்கு என்ன தெரியும்? எந்த நாளில் நான் திதி கொடுப்பது? மரணச் சான்றிதழ் எடு என்று சொன்னவர்களுக்கு நான் சொன்ன மறுமொழியையே தொட்டிக்கும் சொன்னேன். பையை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். சொல்லி முடிக்க வெகுநேரம் எடுத்தது. மொழிபெயர்த்த பிள்ளை இரண்டு முறை நிறுத்திவிட்டாள். ஆசிரியை ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்தத் தமிழை நெடுநேரம் பார்த்தார். விரலால் காற்றில் அந்தக் கோடுகளின் வழியே போய்ப் பார்த்தார். அவசரக்காரர், ஆனால் வரி முடிவில் நிதானிக்கிறார் என்றார். அது உண்மை. அவர் அப்படித்தான். பிறகு, நாங்கள் இங்கே ஒவ்வொரு கிழமையும் செய்வது என்ன, பெயர்கூடத் தெரியாத ஒருவரின் கையைப் பார்த்து எழுதுவதுதானே, நீங்களும் எழுதுங்கள் என்றார்.

விடைபெறும்போது கிழித்து ஒட்டிய தாள் ஒன்று தந்தார். நீலமும் சாம்பலும், மேலே பொன் தூள். அந்த ஒரு தாளின் விலைக்கு நான் இரண்டு நாள் சாப்பிட்டிருக்கலாம். அதில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. மைக்காவில் தூரிகை வழுக்கும், பொன் பட்ட இடத்தில் மை விலகும், பிழைத்தால் அழிக்கவும் முடியாது. என் கைக்கு அந்தத் தாள் இன்னும் பெரிது.

ஊருக்கு வந்தபின் வேலை, மகளின் படிப்பு, அம்மாவின் வருத்தம் என்று பத்து வருடம் ஓடிவிட்டது. தகப்பனின் முகம் மகளுக்கு நினைவில்லை. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த நாளொன்றில் அவளாகவே பிஸ்கற் தகரத்தைத் திறந்து கடிதங்களைக் கேட்டாள். நான் கலண்டர் தாள்களின் பின்பக்கத்தைக் கொடுத்து, வாசிக்கிறதோடு நிறுத்தாமல் பார்த்து எழுது என்றேன். முதலில் மேலே மெல்லிய தாளை வைத்துக் கோட்டைத் தொடர்ந்தாள். பிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதினாள். இப்போது அவள் எழுதும் 'ழ' அவருடைய 'ழ'. வால் கீழே இறங்கி ஒருமுறை திரும்பிப் பார்க்கும்.

போன மாதம் 2001 ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றுக்கு வந்திருந்தாள். அதில் மடிப்பில் தேய்ந்த ஒரு வரி உண்டு. கிணற்றடியில் ஒரு வாளி வைத்திருக்கிறேன், நீ வரும்போது பார் என்று. இருபது வருடத்துக்கு மேலாக நான் அதை அப்படித்தான் வாசித்து வந்தேன். இந்த மனுசன் ஒரு வாளி வாங்கியதையும் கடிதத்தில் எழுதுகிறாரே என்று சிரித்தும் இருக்கிறேன்.

மகள் பேனையை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, இது வாளி இல்லை. இந்த வாலைப் பாருங்கோ. அப்பா 'ழ' எழுதினா மட்டுந்தான் இப்பிடித் திரும்பும். கொம்பு மடிப்பில அழிஞ்சு போச்சு. இது வாழை."

கிணற்றடியில் வாழை நின்றது உண்மைதான். நான் போனபோது ஆள் உயரம். ஆர் வைத்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கதலி. 2008 இல் நாங்கள் வெளிக்கிட்ட அன்று அது குலை தள்ளியிருந்தது.